உங்களுக்குத் தெரியுமா? புலி என்று எழுதினால் நாய் வரும்!

ஸ்கிராபிள் ஆடுகிறவர்களே, பேனாவை எடுங்கள்! சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களுக்காக லண்டன் அகராதியைக் குடைய வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி மணிமுத்தாறு வந்து சேருங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் போதும், சொற்களை மூட்டை கட்டலாம்!

எல்லாமே உலகப் போட்டிகளில் செல்லுபடியாகும் காலின்ஸ் பட்டியலில் உள்ளவை. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள புள்ளியைக் கூட்டி எழுதியிருக்கிறேன். இரட்டிப்புக் கட்டம், மும்மடங்குக் கட்டம் எல்லாம் உங்கள் சாமர்த்தியம்!

முதல் சொல்லே நம்ம ஊர்ச் சொல். அணைக்கட்டு! வெள்ளைக்காரன் வாயில் அது 'அனிகட்' ஆனது. ஏ, என், ஐ, சி, யு, டி. ஆறே எழுத்து. கூட்டிப் பாருங்கள், 8 புள்ளி. சரி, தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எத்தனை? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அதுவும் 8! அணைக்கட்டுக்கு ஒரு புள்ளி வீதம் யாரோ அளந்து வைத்த மாதிரி!

அனிகட்டுக்கு இன்னொரு என் சேர்த்து எழுதினாலும் செல்லும். அப்போது 9. ஒன்பதாவது அணைக்கட்டை எங்கே கட்டுவது என்று கேட்காதீர்கள்!

மணிமுத்தாறு அணை காமராஜர் காலத்தது. 1958-ல் கட்டி முடித்தார்கள். நீர்மட்டம் 118 அடி. கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. 'டேம்' என்று எழுதினால் ஸ்கிராபிளில் கிடைப்பது வெறும் 6! கரைக்கு 'பண்ட்' என்றால் 7. நீர் வழிந்தோடும் தடுப்புக்கு 'வியர்' என்றால் அதுவும் 7. நம்ம அணைக்கட்டுதான் ஒசத்தி!

காட்டுக்குள் வாங்க!

களக்காடு முண்டந்துறை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆண்டு 1988. இங்கே நின்று ஸ்கிராபிள் பலகையில் 'புலி' என்று எழுதுங்கள். பி, யு, எல், ஐ. செல்லும்! 6 புள்ளி! ஆனால் அர்த்தம்? ஹங்கேரி நாட்டு ஆட்டுமந்தைக் காவல் நாய்! உடம்பெல்லாம் சடை சடையாகத் தொங்கும், கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. காப்பகத்தில் புலியைத் தேடிப் போனவருக்கு நாய் கிடைத்த கதை இதுதான்!

இன்னும் முடியவில்லை. இந்தப் புலிக்குப் பன்மை என்ன? எஸ் சேர்க்கலாம். கே சேர்த்தாலும் பன்மைதான்! ஹங்கேரி மொழியின் இலக்கணம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'புலிக்' என்று வைத்தால் 11 புள்ளி! யாராவது முன்னாலேயே புலியை வைத்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் ஒரே ஒரு கே-யைக் கொண்டு போய் வாலில் ஒட்டி, 11 புள்ளியை எழுதிக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்கலாம்!

வரையாடு! தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆங்கிலத்தில் 'தார்'. நடுவில் ஒரு எச் ஒளிந்திருப்பதால் 7 புள்ளி. 2024-ல் தமிழ்நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 1,031!

காட்டெருமைக்கு 'கௌர்'. உலகின் காட்டு மாட்டினங்களிலேயே மிகப் பெரியது. ஒரு டன்னைத் தொடும் உருவம். ஸ்கிராபிளில் அதற்கு விலை? 5 புள்ளி!

திபெத்தில் யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்புக் கன்றுக்கு 'ஸோ' என்று பெயர். இரண்டே எழுத்து, 11 புள்ளி! அதையே டி, இசட், எச், ஓ என்றும் எழுதலாம். 17! நம்ம காட்டெருமைக்கு யார் பஞ்சாயத்து வைப்பது?

செந்நாய் 'டோல்'. 9 புள்ளி. கூட்டமாக வேட்டையாடும் இந்த நாய், ஹங்கேரிக்காரப் புலியை விட 3 புள்ளி கூட!

தேவாங்கு 'லோரிஸ்'. 5 புள்ளிதான். ஆனால் இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம் தமிழ்நாட்டில்தான். கடவூர், 2022!

மிளாவுக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியுமா? சாம்பார்! ஆமாம், சாம்பாரேதான். காட்டில் மேய்கிற சாம்பார், இட்லியில் ஊற்றுகிற சாம்பார் இரண்டுக்கும் ஒரே எழுத்து, 10 புள்ளி. எது காட்டுச் சாம்பார், எது வீட்டுச் சாம்பார் என்று ஸ்கிராபிள் கேட்கவே கேட்காது!

மாஞ்சோலையில் 'சோலை' இருக்கிறதே, அதுவும் ஆங்கிலத்தில் 'ஷோலா' ஆகிவிட்டது. 8 புள்ளி. மலைத்தொடருக்கு 'காட்'. அதுவும் 8.

மாஞ்சோலை டீ எஸ்டேட் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் எடுத்த 99 ஆண்டுக் குத்தகை. கணக்குப் போட்டால் 2028 வரை! அந்த டீயை 'டீ' என்று எழுதினால் 3 புள்ளி. 'ச்சா' என்று எழுதினால் 8. 'சாய்' என்றால் 9. ஒரே கிளாஸ், மூன்று விலை!

சிங்கம்பட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ஜமீன்தார்' என்ற சொல்லுக்கு 20 புள்ளி. 'ரயத்' என்றால் குடியானவர். அதற்கு 7. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்ற மெட்ராஸ் மாகாணம் சட்டம் போட்டது 1948-ல். ஸ்கிராபிள் என்ற பெயர் அந்த ஆட்டத்துக்கு வந்ததும் அதே 1948-ல்! சட்டம் பலகைக்கு வந்து சேரவில்லை!

குளிர் நடுக்கினால் பி, ஆர், ஆர் போதும். 'ப்ர்ர்!' உயிரெழுத்தே கிடையாது. செல்லும், 5 புள்ளி. இன்னும் நடுங்கினால் இன்னொரு ஆர் சேர்க்கலாம். 6!

மலையின் மடியில் கிண்ணம் போலக் குடைந்த பள்ளத்துக்கு வேல்ஸ் மொழிச் சொல் ஒன்று. சி, டபிள்யூ, எம். உச்சரிப்பு 'கூம்'. இதிலும் உயிரெழுத்து இல்லை. 10 புள்ளி!

தமிழில் நினை, ஆங்கிலத்தில் வை!

இந்தப் பகுதிதான் எனக்கு உயிர். நம்ம வாயில் வருகிற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் அடுக்கினால் செல்லும். அர்த்தம் மட்டும் எங்கோ போயிருக்கும்!

மோர். எம், ஓ, ஆர். ஆங்கிலத்தில் குளிர்க் காட்டின் தரையில் படிந்த இலைமட்கு! 5 புள்ளி. எதிராளி மோர் வைத்தால் விடாதீர்கள். ஒரு ஈ-யைப் போடுங்கள். 'மோர்' என்றால் இன்னும் அதிகம் என்ற சாதாரணச் சொல் ஆகிவிடும். மோரில் ஈ விழுந்தால் வீட்டில் கொட்டுவோம். இங்கே 6 புள்ளி!

ஆனை. ஏ, என், ஏ. ஒருவரைப் பற்றிய துணுக்குகளின் தொகுப்பு என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ஆனை, 3 புள்ளி!

கடி. கே, ஏ, டி, ஐ. இஸ்லாமிய நீதிபதியான காஜி! 9 புள்ளி. முதல் எழுத்தை க்யூ ஆக்கினால் அதே காஜிக்கு 14!

போ! பி, ஓ. கட்டிலுக்கடியில் வைக்கும் மூத்திரச் சட்டி. 4 புள்ளி. எதிராளியைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லலாம்!

பொய். பி, ஓ, ஐ. ஹவாய்த் தீவில் சேம்பங்கிழங்கை மசித்துச் செய்யும் களி. 5 புள்ளி, சத்தியமாக!

காக்கா. கே, ஏ, கே, ஏ. நியூசிலாந்துக் கிளி! ஆனால் ஒரு சிக்கல். ஸ்கிராபிள் பையில் கே ஒன்றே ஒன்றுதான். இன்னொரு கே-க்கு வெற்றுக் கட்டையைப் பயன்படுத்த வேண்டும். அதற்குப் புள்ளி பூஜ்யம். காக்காவுக்குக் கிடைப்பது 7!

குடும்பத்தையே வைத்துப் பாருங்கள், தலை சுற்றும். 'மாமா' வைத்தால் அம்மா! பையில் உள்ள எம் இரண்டும் காலி, 8 புள்ளி. 'நான்' வைத்தால் பாட்டி! 'அவள்' வைத்தால் தாத்தா பாட்டி வழி சார்ந்தது என்று அர்த்தம், 7 புள்ளி. 'நீ' வைத்தால் கல்யாணத்துக்கு முந்தைய பிறந்த வீட்டுப் பெயரைக் குறிக்கும் சொல். 'அண்ணா' வைத்தால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு! அந்த அணாவுக்கு முடிவு கட்டிய தேதி 1957 ஏப்ரல் 1. மணிமுத்தாறு அணை வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது!

தாலி! டி, எச், ஏ, எல், ஐ. வட்டத் தட்டில் கிண்ணம் கிண்ணமாக வரும் வடநாட்டுச் சாப்பாடு. 8 புள்ளி. எச்-ஐ எடுத்துவிட்டாலும் செல்லும். அப்போது கணுக்கால் எலும்புகள்!

ஊர். ஓ, ஓ, ஆர். ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் 'எங்கள்' என்று அர்த்தம். எங்கள் ஊர் என்று எழுத வேண்டுமானால் இரண்டு தடவை வைத்தால் சரி!

திருநெல்வேலிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'ஏலே!' கூட இருக்கிறது! ஈ, ஏ, எல், ஈ. ரோமானிய எழுத்தாளர் பிளினி வர்ணித்த ஒரு விசித்திர மிருகம். அது எந்த மிருகம் என்று அறிஞர்கள் இன்னும் குழம்புகிறார்கள். 4 புள்ளி. இனிமேல் யாராவது 'ஏலே' என்று கூப்பிட்டால் யோசித்துத் திரும்புங்கள்!

'ஐயோ' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிய ஆண்டு 2016!

இட்லிக்கு வருவோம். கடைசி எழுத்து ஐ என்றால் நம்ம இட்லி. 5 புள்ளி. நம்ம ஊர் ஹோட்டல் போர்டில் ஒய் போட்டு எழுதியிருப்பார்களே, அதுவும் செல்லும்! ஆனால் அது இட்லி இல்லை. 'சோம்பேறித்தனமாக' என்று அர்த்தம்! புள்ளி 8. நாலு இட்லி தின்றுவிட்டுச் சாய்ந்தவருக்கு இரண்டுமே பொருந்தும்!

தோசைக்கும் 5 புள்ளி. அதன் பன்மை? 'தோசாஸ்' என்றும் வைக்கலாம், 'தோசை' என்றும் வைக்கலாம். ஆம், நம்ம தோசை ஆங்கிலத்தில் பன்மை! ஒரு தோசை கேட்டால் இரண்டு வரும்!

கஞ்சியை ஜி போட்டு எழுதினால் 9. ஜே போட்டு எழுதினால் 15! கஞ்சி குடிக்கிறவர்கள் ஜே போட்டே குடியுங்கள்!

தோட்டம், தோப்பு, மாட்டுக் கொட்டகை!

தோப்பு ஆங்கிலத்தில் 'டோப்' ஆனது. டி, ஓ, பி, ஈ. 6 புள்ளி. அதே நாலெழுத்துக்கு இன்னும் மூன்று அர்த்தம்: பௌத்த ஸ்தூபி, சின்னச் சுறாமீன், மூக்குமுட்டக் குடிப்பது! தோப்பில் உட்கார்ந்து குடிப்பவர்கள் ஒரே சொல்லில் வேலையை முடிக்கலாம்!

புண்ணாக்கு! சிரிக்காதீர்கள். 'பூனாக்' என்று ஆங்கில அகராதியில் இருக்கிறது. மாட்டுத் தொட்டியில் கரைக்கிறோமே, அதே தேங்காய்ப் புண்ணாக்கு, இலங்கை வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 10 புள்ளி! "ஒனக்கு என்ன தெரியும், புண்ணாக்கு" என்று திட்டுகிறவர்களுக்கு நல்ல பதில்!

கயிறு 'காயர்' ஆனது, 6 புள்ளி. கொப்பரை 'கோப்ரா', 9. தேக்கு 'டீக்', 8. கறி 'கரி', 10!

பாலை மரம் 'பாலே'. கடைசியில் ஒய் இருப்பதால் 10 புள்ளி. வெட்பாலை என்போமே, அந்தக் குடும்பம். கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளைக் கடைவது இந்த வெள்ளை மரத்தில்தான்!

சாயவேர்! சோழமண்டலக் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த வேர். துணிக்குச் செக்கச்செவேல் என்று சிவப்பு ஏற்றும். நம்ம பூப்போட்ட துணிக்கு ஐரோப்பாவே பைத்தியமாகக் கிடந்தபோது, அந்தச் சிவப்பின் ரகசியம் இதுதான். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? 'சாய்', 'சாயா', 'ஷாயா', 'சோய்'. நாலும் செல்லும்! எச்-உம் ஒய்-உம் எல்லாவற்றிலும் இருப்பதால் 11-க்குக் குறைந்து ஒன்றும் இல்லை!

மஞ்சணத்தி மரத்தின் வேரும் சிவப்புச் சாயம் தரும். ஏ, ஏ, எல் என்று மூன்றெழுத்து. நம்ம காதில் 'ஆல்' என்று விழும், ஆலமரம் இல்லை. கையில் ஏ ஏ என்று குவிந்து கிடக்கும்போது கை கொடுக்கும் தெய்வம்!

தூங்குமூஞ்சி மரம்! ரோட்டோரம் குடை விரித்து நிற்குமே, அதற்கு 'ஸமான்' என்று ஒரு பெயர். முதல் எழுத்து இசட். 16 புள்ளி! தூங்குகிற மரத்துக்கு இவ்வளவா!

தூக்கம் என்றதும் இன்னொன்று. குறட்டைச் சத்தத்துக்கு மூன்று இசட். அதுவும் சொல்தான்! பையில் இசட் ஒன்று, மீதி இரண்டும் வெற்றுக் கட்டை. 10 புள்ளி. இதைவிடச் சொகுசாக யாராலும் வெற்றுக் கட்டையை வீணடிக்க முடியாது!

நிலாவாரை. மலச்சிக்கலுக்குக் கைகண்ட மருந்து. ஆங்கிலத்தில் 'சென்னா', 5 புள்ளி. உலக மருந்துச் சந்தையில் அதன் முழுப் பெயர் 'டின்னவேலி சென்னா'! நம்ம ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஐரோப்பாக்காரர்கள் வயிற்றைச் சுத்தம் செய்தார்கள்!

பீடி. முக்கூடல் பக்கம் பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற பீடி, பலகையில் 7 புள்ளி. இரண்டு ஈ போட்டு எழுதினால் 8!

காசு! அது ஆங்கிலத்தில் 'கேஷ்', 9 புள்ளி. அவசரப்படாதீர்கள். வங்கியில் எண்ணுகிற கேஷ் வேறு வம்சம், அது ஐரோப்பியப் பெட்டியிலிருந்து வந்தது. அகராதியில் இரண்டாவதாக ஒரு கேஷ் இருக்கிறது. சின்னச் செப்புக் காசு. அதுதான் நம்ம காசு! கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் கணக்கைக் கேளுங்கள். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு பகோடா. பகோடா என்றால் நம்ம வராகன். அப்படியானால் ஒரு பகோடாவுக்கு 3,360 காசு! இன்றைக்குத் தின்கிற பக்கோடாவுக்கு 'பக்கோரா' என்று 12 புள்ளி. தங்க நாணயத்துக்கு 10 தான்!

இந்த மாதிரி நம்ம சொற்களை அள்ளிக் கட்டிய பெரிய அகராதி 1886-ல் லண்டனில் வந்தது. யூலும் பர்னலும் தொகுத்தது. பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. யார் அந்த ஹாப்சன், ஜாப்சன்? அப்படி யாருமே இல்லை! முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று முழங்கியது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்தது!

கடுகு சிறுத்தாலும்!

கையில் க்யூ மாட்டிக்கொண்டு, யு இல்லாமல் முழிக்கிறீர்களா? க்யூ, ஐ இரண்டையும் வையுங்கள். சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. உச்சரிப்பு 'ச்சீ'! 11 புள்ளி. அமெரிக்கப் போட்டிகளில் மிக அதிகமாக வைக்கப்படும் சொல் இதுதான். எதிராளியைப் பார்த்து 'ச்சீ' என்று சொல்லிக்கொண்டே வைக்க முடிகிற சொல்லும் இதுதான்!

பீட்சாவின் வாலை மட்டும் வெட்டி இசட், ஏ. அதுவும் பீட்சாதான்! 11.

எக்ஸ், யு. வியட்நாம் சில்லறை. 9. ஜே, ஓ. ஸ்காட்லாந்தில் காதலி. அதுவும் 9!

ஏ, ஐ. செயற்கை நுண்ணறிவு என்று நினைத்தீர்களா? ஏமாந்தீர்கள்! தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கி, நாள் முழுக்க அசையவே யோசிக்கும் மூவிரல் ஸ்லாத். 2 புள்ளி!

'ஓகே' என்ற சொல் அமெரிக்க ஸ்கிராபிள் அகராதியில் 2018 வரை ஓகே இல்லை!

ஒரு சொல்லில் ஆறு எழுத்து. ஆறும் உயிரெழுத்து! ஈ, யு, ஓ, யு, ஏ, ஈ. பழைய தேவாலய இசையின் ஒரு முடிப்பு. கையில் மெய்யெழுத்தே வராத துரதிர்ஷ்டசாலிகளுக்கு ஆறுதல் பரிசாக 6 புள்ளி!

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ். அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களில் வேலை இல்லாத நேரத்தில், செய்தித்தாளை விரித்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எண்ணிப் புள்ளி போட்டார். கட்டைகள் 100. கட்டங்கள் 225!

ஒரே ஆட்டத்தில் 830 புள்ளி! 2006-ல் அமெரிக்காவின் மைக்கேல் கிரெஸ்டா. அதில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் 365! அதையும் தூக்கிச் சாப்பிட்டது 1982-ல் மான்செஸ்டரில் வைத்த ஒரு சொல். 392!

2007 உலகச் சாம்பியன் போட்டி நடந்த இடம் நம்ம மும்பை. இறுதிச் சுற்று வரை வந்து இரண்டாம் இடம் பிடித்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம்! அவரை வென்றவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். அந்த மனுஷனைப் பற்றிக் கேளுங்கள். 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் சாம்பியன் ஆனார். பிரெஞ்சு பேசத் தெரியாது! பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்தே ஜெயித்தார். 2024-ல் ஸ்பானிஷ் சாம்பியன். அதுவும் பேசத் தெரியாது!

ஏழையும் இறக்கினால் 50!

கையில் உள்ள ஏழு கட்டைகளையும் ஒரே வீச்சில் வைத்தால் 50 புள்ளி போனஸ். இங்கேதான் தமிழ்நாடு விசிலடிக்கிறது!

சுருட்டு! 'செரூட்', ஏழெழுத்து. 12-உம் 50-உம் 62. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனைப் பற்றிய துப்பு, தரையில் கிடந்த திருச்சிச் சுருட்டுச் சாம்பல்!

வெட்டிவேர்! ஏழெழுத்து. 63. பையில் உள்ள வி இரண்டையும் உருவிவிடும். பானைத் தண்ணீரில் போட்டாலும் மணக்கும், பலகையில் போட்டாலும் மணக்கும்!

மிளாவுக்கு நடுவில் ஒரு எச் போட்டு ஏழெழுத்து ஆக்கலாம். 64!

கல்லிடைக்குறிச்சி அப்பளம் தெரியாதவர் உண்டா? ஆங்கிலத்தில் அப்பளத்துக்கு அரை டஜனுக்கு மேல் எழுத்துக்கூட்டல் இருக்கிறது. எல்லோரும் 'பாப்படம்' என்று மூன்று பி போட்டு எழுதி மாட்டிக்கொள்வார்கள். பையில் பி இரண்டுதான்! பி, ஏ, பி, ஏ, டி, ஓ, எம் என்று எழுதுங்கள். 64. நொறுங்காமல் இறங்கும்!

இப்போது திருநெல்வேலி அல்வா! சாதாரணமாக எழுதினால் ஐந்தெழுத்து, 11. கடைசியில் ஒரு எச் சேர்த்தால் 15. நடுவிலும் ஒரு ஏ போட்டு 'ஹலாவா' என்று நீட்டினால் ஏழெழுத்து, 66! ஸ்கிராபிள் பையில் மொத்தமே இரண்டு எச். அல்வா இரண்டையும் விழுங்கிவிடும். முதல் ஆட்டத்திலேயே நடு நட்சத்திரத்தின் மேல் வைத்தால் சொல்லுக்கு இரட்டிப்பு. குறைந்தது 82! கையில் மிச்சம் நெய் இருந்தால் ஜி, எச், ஐ என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது, எச் தீர்ந்துவிட்டது! வெற்றுக் கட்டை இருந்தால் மட்டும்தான் நெய்!

ஆனால் அல்வாவைப் பிடுங்க ஒருவர் காத்திருக்கிறார். களக்காடு முண்டந்துறையின் சிங்கவால் குரங்கு இருக்கிறதே, அதன் ஆங்கிலப் பெயரின் பின்பாதி 'மக்காக்'. எம், ஏ, சி, ஏ, க்யூ, யு, ஈ. ஏழெழுத்து. நடுவே 10 புள்ளி க்யூ. மொத்தம் 70! முதல் ஆட்டத்திலேயே விழுந்தால் குறைந்தது 90. பாபநாசம் படித்துறையில் மட்டுமல்ல, பலகையிலும் குரங்குதான் ஜெயிக்கிறது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையை விரிக்கும்போது இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புண்ணாக்கையோ ஏலேயையோ வைத்ததும் எதிராளி கட்டாயம் 'சேலஞ்ச்' என்பார். சில போட்டி விதிகளில் தப்பாகச் சேலஞ்ச் செய்தவருக்கு ஒரு முறை ஆட்டமே போய்விடும். தூண்டிவிடுங்கள்!